வராத மழையும் ஓயாத மழையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மழையைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். வானம் பார்த்த கரிசல் பூமியில் பிறந்தவனுக்கு இதைவிட உவப்பான தலைப்பு அமையாது. நமக்கு மழை என்பது எப்போதாவது வரும் விருந்தாளி. நம் கவிதைகளும் அதனை அழைத்தும், அதற்காக ஏங்கியும், வந்தால் கொண்டாடியும் பாடி வந்திருக்கின்றன. அதே மழை, வந்தபின் போக மறுக்கும் ஓர் ஊரைப் பற்றி இன்று சொல்ல விழைகிறேன்.

என் தாயாரின் தங்கை மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்திற்கு வாழ்க்கைப்பட்டுச் சென்றவர். அவரைக் காண 2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் தாயார், மனைவி, பிள்ளைகள் இருவருடன் புறப்பட்டேன். போடிநாயக்கனூரில் நல்ல வெயில். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டைக் கடந்து பூப்பாறையை நெருங்கியபோது பேருந்தின் சன்னல்களை அடைக்க வேண்டியதாயிற்று. தென்மேற்குப் பருவக்காற்று தன் நீரையெல்லாம் மேற்குச் சரிவில் இறக்கிவிட்டு, வெறுங்கையோடு நம் பக்கம் வருகிறது. மழைமறைவு என்று பாடநூலில் படித்ததைப் பிள்ளைகள் அன்று கண்ணால் கண்டார்கள்.

கயத்தாறு, கோவில்பட்டி வட்டாரத்துக் குடும்பங்கள் தலைமுறைகளுக்கு முன் அந்த மலைக்கு ஏறியமைக்கு மழையின்மையும் ஒரு காரணம். விளையாத நிலமும் அடையாத கடனும் பின்னால் துரத்த, கங்காணி முன்னால் நடந்தார். போன இடத்திலோ மழை வேறு முகம் காட்டியது. தேயிலையை டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுசென்ற குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில்பாதையை 1924ஆம் ஆண்டு வெள்ளம் அழித்தது. மூணாறு நகரமும் சிதைந்தது.

சித்தியின் வீடு வரிசையாய் அமைந்த தோட்டத்து வீடுகளுள் ஒன்று. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். மகனுக்கு அங்கே வேலை இருப்பதால் வீடும் இருக்கிறது. வாசலில் புரண்டோடிய நீரை என் தாயார் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதுல ஒரு நா மழ நம்மூருக்குக் கெடச்சாப் போதுமே, உளுந்து கரையேறிருமே" என்றார். சித்தி உடனே, "கொண்டு போக்கா. பதிலுக்கு ஒரு நா வெயிலக் குடுத்துட்டுப் போ. துணி காஞ்சு பத்து நாளாச்சு" என்றார். இருவரும் சிரித்தார்கள். ஒரு வயிற்றில் பிறந்த இருவருக்கு வானம் இரு வேறாய்ப் போனதை அந்தச் சிரிப்பில் உணர்ந்தேன்.

மழையென்று அங்கே வேலை நிற்பதில்லை. தலைமுதல் இடுப்புவரை பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு, அட்டைக்கடிக்குக் காலில் உப்பும் புகையிலையும் தேய்த்துக்கொண்டு பெண்கள் சரிவில் நிற்கிறார்கள். குறித்த எடைக்கு மேல் எடுத்தால்தான் கூடுதல் கூலி. நனைந்த இலை கனக்கும்; ஈரத்திற்கென எடையில் கழிவும் உண்டு. எனவே மழை அவர்களுக்குக் கூலிக் கணக்கில் வரும் ஓர் எண்ணும் ஆகும்.

இரவில் சித்தி விழித்திருந்தார். காரணம் கேட்டேன். "ஓடைச் சத்தத்தக் கேட்டுக்கிட்டிருக்கேன். மழ பேயும்போது ஓட சத்தம் போட்டா நல்லது. மழ நிக்காம ஓட மட்டும் அடங்குச்சுன்னா, மேல எங்கயோ மண்ணு அடைச்சிருக்குன்னு அர்த்தம். உடனே எந்திரிச்சு ஓடணும்" என்றார்.

அவர் அஞ்சியதற்குக் காரணம் உண்டு. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, இராசமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத்து வீடுகளை மூடியது. 70 உயிர்கள் போயின. அவர்களுள் பலர் கயத்தாற்றை வேராகக் கொண்ட நம் தமிழ்க் குடும்பத்தினர். வறட்சிக்குத் தப்பி மலையேறியவர்களின் வழித்தோன்றல்களை மழை கொண்டுபோயிற்று.

கவிஞர்களே, தொல்காப்பியம் குறிஞ்சிக்கு வகுத்த சிறுபொழுது யாமம். தலைவன் மலைவழியே வரும் பொழுது என்று அதனைப் படித்து மகிழ்கிறோம். பெட்டிமுடியில் மண் சரிந்ததும் அந்த யாமத்தில்தான். அதே யாமத்தில்தான் இன்றும் மலையில் ஒரு மூதாட்டி ஓடையின் ஒலிக்குச் செவிசாய்த்துக் கிடக்கிறார். இக்காலத்துக் குறிஞ்சி அவர் செவியில் இருக்கிறது. அதனை எழுதாமல் குறிஞ்சி பாடுவது நிறைவாகாது என்பது என் கருத்து.

இதனால் மழையைக் கொண்டாடும் பாட்டு பொய்யென்று ஆகாது. என் தாயாரின் ஏக்கமும் மெய். சித்தியின் அச்சமும் மெய். முன்னதற்கு நம்மிடம் நூற்றுக்கணக்கில் பாடல்கள் உள்ளன. பின்னதற்கு இன்னும் வேண்டும். ஓடையின் ஒலியைப் படிக்கத் தெரிந்தவர்களின் சொற்கள் அகராதியில் ஏறுமுன் அவர்களோடு மறைந்துவிடக் கூடாது.

பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டத்திற்கு ஒரு விண்ணப்பம். வரும் ஆடியில் ஒரு கூட்டத்தை மலையில் நடத்துவோம். அன்று நாம் கவிதை வாசிக்க வேண்டா. தோட்டத்துப் பெண்கள் பேசட்டும், நாம் குறித்துக்கொள்வோம். நமக்கும் அவர்களுக்கும் நடுவில் நிற்பது ஒரு மலைதான்.