வீட்டிலிருந்தே படிக்கும் விமானக் கல்வி

(நமது சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில் கல்வி நிதிக் கமிட்டி அங்கத்தினர் ஒருவர் செய்த பிரசங்கம்)



இன்று என்னைப் பேசும்படி நம் காரியதரிசியவர்கள் பணித்த விஷயம் சற்றுப் புதியது. நமது கல்வி நிதிக்கு வரும் விண்ணப்பங்களில் வைத்தியமும் பொறியியலும் படிக்க உதவி கோருவனவே முன்னெல்லாம் மிகுதி. சில வருஷங்களாக ஆகாய விமானம் ஓட்டும் தொழிலுக்குப் படிக்க விரும்புவோரின் விண்ணப்பங்களும் வரத் தொடங்கியுள்ளன. அவற்றுள் ஒரு வகை கமிட்டியாரைத் திகைக்க வைத்திருக்கிறது. விமானிகள் எழுத வேண்டிய எழுத்துப் பரீக்ஷைகளுக்கு, வீட்டிலிருந்தபடியே தொலைவழியாகக் கற்பிக்கும் பள்ளி ஒன்றில் சேரக் கடன் வேண்டுமென்று கேட்கும் விண்ணப்பங்கள் அவை. எந்தப் பள்ளிக்குப் பணம் கட்டலாம், எதற்குக் கட்டலாகாது என்பதைக் கமிட்டியாரும் அறியார். விண்ணப்பித்த பிள்ளையும் அறியான். பாக்கித் தொகைக்காக நகையை ஈடு வைக்கும் தாயாரோ முற்றிலும் அறியார்.

நான் விமானியல்லேன். 31 வருஷம் கணித உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்றவன். என் தம்பி மகள் இப்பரீக்ஷைகளுக்குப் படித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்தவன் என்ற ஒரே உரிமையில் உங்கள் முன் நிற்கிறேன். அவள் முதலில் சேர்ந்த பள்ளியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததும் நான்தான். அதில் நான் செய்த பிழையைப் பின்னர்ச் சொல்லுகிறேன்.

இந்தியாவில் விமானம் ஓட்டும் உத்தரவு முதன்முதல் அளிக்கப்பட்டது 1929-ம் வருஷம், பெற்றவர் ஜே. ஆர். டி. டாட்டா அவர்கள். 1932-ம் வருஷம் அக்டோபர் மாதம் 15-ந் தேதி அவர் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் பையுடன் வந்திறங்க, அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பார் அதனைச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அது முதற்கொண்டு நம் ஊருக்கு விமானம் வந்துகொண்டுதான் இருக்கிறது. எனினும் அதனை ஓட்டுவது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஆகக்கூடிய ஜீவனம் என்று நாம் எண்ணத் தொடங்கியது மிகச் சமீபத்தில்தான்.

இனி பரீக்ஷைக்கு வருகிறேன். நம் தேசத்தில் வணிக விமானி உத்தரவு பெறுவதற்கு வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அத்துடன், விமானச் சட்டம், மார்க்க நிர்ணயம், வானிலை, விமானத்தின் அமைப்பும் யந்திரமும் ஆகிய பாடங்களில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தார் நடத்தும் பரீக்ஷைகளில் நூற்றுக்கு 70 வீதம் பெற்றுத் தேற வேண்டும். ரேடியோவில் பேசுவதற்கு வேறொரு பரீக்ஷை உண்டு. அதில் வாய் திறந்து பேசிக் காட்டவும் வேண்டும். இவற்றுக்குப் பிள்ளைகள் தாமாகவே புத்தகம் வாங்கிப் படிப்பதும் உண்டு. நேரில் வகுப்புக்குப் போவதும் உண்டு. வீட்டிலிருந்தே கணினி வழியாகக் கற்பதும் உண்டு.

ஐரோப்பாவில் ஏற்பாடு வேறு. பெரிய விமானங்களின் தலைமை விமானிக்குரிய எழுத்துப் பரீக்ஷை அங்கே 13 பாடங்கள் கொண்டது. படிப்பு 650 மணி நேரம். ஒவ்வொரு பாடத்திலும் நூற்றுக்கு 75 பெற வேண்டும். முதற் பரீக்ஷை எழுதிய மாதத்தின் கடைசி நாளிலிருந்து 18 மாதங்களுக்குள் அனைத்தையும் முடித்துவிட வேண்டும். ஒரே பாடத்தில் நான்கு முறை தவறினால், முன்னர்த் தேறிய பாடங்களையும் சேர்த்து எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டியதுதான். அங்கீகாரம் பெற்ற பள்ளியின் சிபாரிசு இல்லாமல் பரீக்ஷை மண்டபத்துக்குள் நுழைய முடியாது. இவ்விஷயத்தில் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வேறொன்று. பள்ளி தொலைவழியில் நடத்தப்பட்டாலும், மொத்தப் படிப்பில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் வகுப்பறையில் கற்பித்தாக வேண்டும் என்று அங்கே விதி செய்திருக்கிறார்கள். காகிதமும் கணினியும் மாத்திரம் விமானியை உண்டாக்கிவிடா என்பதை அவர்கள் விதியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆகவே பள்ளியைத் தேடுமுன் தீர்மானிக்க வேண்டிய காரியங்கள் இரண்டு உண்டு. எந்தத் தேசத்து உத்தரவு வேண்டுமென்பது முதலாவது. இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ உத்தரவு பெற்று வந்தவரும் இங்கே வேலை செய்ய விரும்பினால், இங்குள்ள விமானச் சட்டப் பரீக்ஷையையும், மார்க்க நிர்ணயமும் வானிலையும் சேர்ந்த பரீக்ஷையையும் எழுதியே தீர வேண்டும். "எங்கள் படிப்பு எல்லாத் தேசத்துக்கும் செல்லும்" என்று ஒரு பள்ளி விளம்பரம் செய்தால், அதைச் சொல்லுபவர் யார் பணத்தில் சொல்லுகிறார் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தேக பரீக்ஷை. நம்மவர் பிள்ளை ஒருவன், பெயர் வேண்டாம். எழுத்துப் பரீக்ஷைக்கான கட்டணம் முழுவதையும் கட்டி, எட்டு மாதம் இரவும் பகலும் படித்தான். பிறகு வைத்தியரிடம் போனான். நிறங்களைப் பிரித்தறிவதில் அவனுக்குக் குறையிருப்பது அன்றுதான் தெரிந்தது. அன்றுவரை அவன் தாயாருக்கும் அது தெரியாது. இயக்குநரகத்தார் ஏற்றுக்கொண்ட வைத்தியரிடம் தேக பரீக்ஷை செய்துகொண்ட பிறகே ஒரு ரூபாயாயினும் பள்ளிக்குக் கட்ட வேண்டும். இதைச் சொல்லாத பள்ளியும் நல்ல பள்ளியன்று.

என் பிழைக்கு வருகிறேன். தம்பி மகளுக்குப் பள்ளி தேடியபோது நான் பார்த்தவை மூன்று: விளம்பரத்தின் அழகு, தேறியவர்களின் படங்கள், நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் தேறினர் என்ற வாக்கியம். கணித உபாத்தியாயராகிய நான், எத்தனை பேரில் தொண்ணூற்றெட்டு என்று கேட்டிருக்க வேண்டாமா? நூறு பேர் சேர்ந்து, அறுபது பேர் நடுவில் விட்டுப்போய், மீதி நாற்பது பேர் எழுதி ஏறக்குறைய எல்லோரும் தேறினால், அதுவும் தொண்ணூற்றெட்டாகவே எழுதப்படும். வகுப்பில் பிள்ளைகளுக்கு நான் வருஷந்தோறும் சொல்லிக் கொடுத்த பாடம் இது, எனக்கு உதவவில்லை. முழுக் கட்டணத்தையும் ஒரே தடவையில் கட்டினால் கொஞ்சம் தள்ளுபடி உண்டென்றார்கள். கட்டினோம்.

பாடங்கள் முன்னரே பதிவு செய்யப்பட்டவை. விளம்பரத்தில் படமாக நின்ற ஆசிரியர் அப்பள்ளியை விட்டுப் போய் வெகு காலமாகிவிட்டது. சந்தேகம் கேட்டு எழுதினால் மூன்று வாரம் கழித்து, "பாடத்தை மறுபடி பாருங்கள்" என்று பதில் வரும். அந்தப் பெண் அதனால் மனந்தளரவில்லை. ஆயிரக்கணக்கான வினாக்களும் விடைகளும் கொண்ட தொகுதி ஒன்றை அப்பள்ளி கொடுத்திருந்தது. அதனை நெட்டுருச் செய்தாள். மார்க்க நிர்ணயத்தில் 62 வாங்கினாள்.

அவள் தவறிய விதத்தை ஒரு கணக்கால் காட்டுகிறேன், பொறுத்தருள வேண்டும். ஒரு விமானம் 120 கடல் மைல் தூரத்திலுள்ள ஊருக்குப் புறப்படுகிறது. 60 மைல் வந்ததும் பாதைக்கு வலப்புறம் 5 மைல் விலகியிருப்பது தெரிகிறது. ஊரைச் சென்றடைய எத்தனை பாகை இடப்புறம் திருப்ப வேண்டும்? 60 மைலுக்கு ஒரு மைல் விலகினால் ஒரு பாகை பிசகு என்பது விமானிகளின் கணக்கு. ஆகவே பிசகு 5 பாகை. 5 பாகை திருப்பினால் போதுமா? போதாது. அவ்வளவே திருப்பினால் விமானம் பாதைக்கு இணையாகப் பறந்து, ஊரை 5 மைல் பக்கத்தில் விட்டுவிட்டுப் போகும். மீதி 60 மைலில் அந்த 5 மைலையும் மீட்க இன்னும் 5 பாகை. ஆக 10 பாகை. வினாத் தொகுதியில் இந்தக் கணக்கு இருந்தது. விடை 10 என்று அவள் அறிவாள். பரீக்ஷையில் 80 மைல் வந்தபின் 4 மைல் விலகல், மீதி 40 மைல் என்று மாற்றிக் கேட்டுவிட்டார்கள். பிசகு 3 பாகை, மீட்பதற்கு 6 பாகை, விடை 9. அவளுக்கு வரவில்லை. அறுபது என்ற எண் எங்கிருந்து வந்தது என்று அப்பள்ளியில் எவரும் சொல்லவில்லை. ஆரத்தின் நீளத்துக்குச் சமமான வில் மையத்தில் உண்டாக்கும் கோணம் ஏறக்குறைய 57 பாகை. அதைத்தான் மனக்கணக்குக்கு எளிதாக 60 என்று கொண்டார்கள். இதை ஒரு மாலையில் நான் கரும்பலகையில் போட்டுக் காட்டியதும் அவள் சிரித்தேவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வானிலைப் பாடத்திலும் அப்படியே. உயரமானி என்பது காற்றின் அழுத்தத்தை அளந்து உயரமாகக் காட்டும் கருவி. அழுத்தம் மிகுந்த இடத்தில் சரி செய்த கருவியை மாற்றாமல், அழுத்தம் குறைந்த இடத்துக்குப் பறந்தால், விமானம் உண்மையில் தாழ்ந்திருக்கும். கருவியோ முன்னைய உயரத்தையே காட்டும். அழுத்தம் 10 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் ஏறத்தாழ 270 அடி வித்தியாசம் வரும். வங்காள விரிகுடாவில் தாழ்வழுத்தம் உண்டாகும் மாதங்களில் நம் கரையோரம் பறப்பவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்! விடையை மாத்திரம் அறிந்த பிள்ளைக்குப் பரீக்ஷையில் மார்க்கு கிடைக்கலாம். மேகத்துக்குள் அந்த 270 அடியை அவனுக்கு யார் கொடுப்பார்?

வினாத் தொகுதியை நான் நிந்திக்கவில்லை. பாடம் விளங்கிய பிறகு, கடைசி மாதத்தில் கை வேகத்துக்காக அது வேண்டும். அதையே பாடமென்று விற்பவரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டுமென்கிறேன்.

இரண்டாவது பள்ளியை அவளே தேடினாள். என் யோசனையைக் கேட்கவில்லை; அது நியாயமே. மூன்று பள்ளிகளுக்கு ஒரே சந்தேகத்தை எழுதி அனுப்பிவிட்டு, நாட்களை எண்ணினாள். ஒன்றிலிருந்து பதிலே இல்லை. மற்றொன்று கட்டண விவரத்தை அனுப்பியது. மூன்றாவது பள்ளியில் ஆசிரியர் ஒருவர் தம் கையால் படம் வரைந்து, மறுநாள் இரவு அனுப்பியிருந்தார். அதன் பின்னும் அவள் உடனே பணம் கட்டவில்லை. பாடங்கள் கடைசியாக எந்த வருஷம் திருத்தப்பட்டன, வாரத்தில் எத்தனை நாள் ஆசிரியர் நேராகப் பேசுவார், ஒரு வகுப்பில் எத்தனை பேர், மாதிரிப் பரீக்ஷைத் தாளைத் திருத்துவது மனிதரா யந்திரமா, பரீக்ஷை தள்ளிப்போனால் பாடங்களைப் பார்க்கும் உரிமை எத்தனை மாதம் நீடிக்கும், நடுவில் நின்றால் எவ்வளவு பணம் திரும்பும் என்றெல்லாம் கேட்டு, பதில்களை எழுத்தில் வாங்கிக்கொண்டாள். அப்பள்ளியில் தேறிய ஒருவரிடமும் தவறிய ஒருவரிடமும் பேசினாள். தவறியவர் சொன்னதுதான் அவளைச் சேரச் செய்தது. "குறை என்னுடையது, அவர்கள் மூன்று முறை கூப்பிட்டு எச்சரித்தார்கள்" என்றாராம் அவர்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளையைப் படிக்கும் பிள்ளையாக நாம் எண்ணுவதில்லை. "வீட்டில்தானே இருக்கிறாள்" என்று கடைக்கு அனுப்புகிறோம்; வந்த விருந்தினருக்குக் காபி போடச் சொல்லுகிறோம்; பெண்ணாக இருந்தால் இது இரட்டிப்பு. தம்பி வீட்டில் மாடி அறைக்கு ஒரு தாழ்ப்பாள் போட்ட பிறகுதான் அவள் படிப்பு நடந்தது. அந்தத் தாழ்ப்பாளுக்காக வீட்டில் நடந்த சண்டையை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. வீட்டில் இடமில்லாத பிள்ளைகளுக்கு நம் மாணவர் விடுதியில் ஓர் அறையை மாலை வேளைகளில் திறந்து வைக்கக் காரியதரிசியவர்கள் இசைந்திருக்கிறார்கள்.

கடைசியாக, கல்வி நிதியைப் பற்றிக் கமிட்டியின் முன் நான் வைத்திருக்கும் தீர்மானம். தேக பரீக்ஷைச் சான்று இல்லாமல் இவ்வகைக் கடன் கொடுக்கலாகாது. கடனை மொத்தமாகக் கொடாமல் மூன்று தவணையாக, முன்பகுதிப் பாடங்களில் பள்ளி வைத்த பரீக்ஷைத் தாள்களைப் பார்த்த பிறகே அடுத்த தவணையைக் கொடுக்க வேண்டும். முதல் ஒரு மாதச் சோதனைப் படிப்புக்கான செலவைச் சங்கமே தானமாக ஏற்க வேண்டும். பள்ளி பிடிக்காமல் பிள்ளை விலகினால் அவன் தலையில் கடன் நிற்கலாகாது. தவணைக்குப் பள்ளிகள் இசையமாட்டா என்று கமிட்டியில் இரண்டு பெரியோர் ஆட்சேபித்தார்கள். தம்பி மகள் சேர்ந்த பள்ளி இசைந்தது. முதலில் சேர்ந்த பள்ளியோ முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டது. அதில் ஒரு காசும் திரும்பவில்லை. எழுத்துப் பரீக்ஷைக்குப் பின் பறக்கும் பயிற்சிக்குப் பல லக்ஷம் வேண்டியிருப்பதால், இந்த முதற்படியிலேயே பணத்தை இழந்த குடும்பம் பெரும்பாலும் அத்துடன் நின்றுவிடுகிறது.

இப்போது கமிட்டியின் முன் மூன்று விண்ணப்பங்கள் இருக்கின்றன. அவற்றைக் கொடுத்த பிள்ளைகள் மூவரையும் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு விடுதிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் சேர எண்ணியுள்ள பள்ளிகளின் விளம்பரங்களையும் உடன் கொண்டுவர வேண்டும். விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கும் என் தம்பி மகளும் வருகிறாள். அவள் எல்லாப் பரீக்ஷைகளிலும் தேறி, 200 மணியில் பாதியைக் கடந்திருக்கிறாள். வேறு பிள்ளைகளும் பெற்றோரும் வரலாம். கரும்பலகையும் சுண்ணாம்புக் கட்டியும் நான் கொண்டுவருகிறேன்.