அரங்கேற்றத்துக்கு முன்

மட்டக்களப்பு நாட்டில் வேளாண்மை வெட்டிச் சூடடித்து முடிந்தபின் இரவிலே மத்தள ஒலி எழுமாயின், கூத்தொன்று வரவிருக்கின்றதென அயலூரார் அறிவர். அவர்கள் காணப்போகும் ஓரிரவுக்குப் பின்னே பல மாதப் பயிற்சி உண்டு. அண்ணாவியார் ஆட்களைத் தெரிந்து, அவரவர் பாட்டும் வசனமும் அடங்கிய ‘சட்டம்’ கொடுப்பார். பின்னர்ச் சதங்கை அணியும் நாள் வரும்; முழுக்கூத்தையும் ஆடி ‘அடுக்குப்’ பார்த்த பின்னரே அரங்கேற்றம். பகலெல்லாம் வயலில் நின்றவனே இரவில் அருச்சுனனாவான். தாளம் தப்பினால் அண்ணாவியார் விடமாட்டார்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’ என்பவற்றைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றியபோது, விடியுமட்டும் ஆடப்பட்ட கூத்துச் சில நாழிகைக்குள் அடங்கிற்று. நகரமாந்தர் கூத்தை மதிக்கத் தலைப்பட்டதற்கு அம்முயற்சி பெருங்காரணம். எனினும், வட்டக்களரியில் ஆடுவோன் நாற்புறத்தாருக்கும் முகங்காட்டுதல் வேண்டும். மேடையிலோ ஒரு புறமே போதும். இவ்வேறுபாடு சிறிதன்று, சுற்றிச் சுற்றி வரும் ஆட்டமுறையே களரிக்கென அமைந்தது.

ஆதலின், அரங்கேற்றத்துக்குச் செல்லும் நேயர்கள் பாயொன்றை உடன்கொண்டு, விடியும்வரை இருக்கும் எண்ணத்தோடு செல்வது நன்று. கட்டியகாரன் வரவோடு எழுந்துவிட்டால் வடமோடியின் போரைக் காணமுடியாது. அது பெரும்பாலும் விடியற்புறத்திலேயே வரும்.