பல் வைத்தியரின் மணிக்கட்டு

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்துருவம்)



"பல் டொக்டர் மேடைக்கு வந்திட்டார், இனி வெற்றிலையை விடு, இனிப்பை விடு எண்டு தொடங்கப் போறார்" என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்திலிருப்பவருக்குச் சொன்னது என் காதில் விழுந்தது. ஐயா, அஞ்ச வேண்டாம். இன்று உங்கள் வாயைப் பற்றி நான் பேச வரவில்லை. என்னுடைய கையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

என் தகப்பனார் நமது துறைமுகத்திலே பிரித்தானியக் கடற்படையின் பட்டறையில் வேலை செய்தவர். 1957ஆம் ஆண்டு கடற்படைத் தளம் இலங்கை அரசின் கைக்கு வரும் வரையில் கப்பல்களின் இரும்புத் தகட்டில் துருத் தட்டுவதே அவர் தொழில். நாள் முழுவதும் கையிலே சுத்தியல். நான் அறிவு தெளிந்த காலத்தில் அவர் அந்த வேலையை விட்டு ஆண்டுகள் சில ஆகிவிட்டன. ஆனால் அந்த வேலை அவரை விடவில்லை. நடுச்சாமத்தில் எழும்பித் திண்ணையில் இருந்துகொண்டு, ஈரத்துணியை உதறுவதுபோல வலக்கையை உதறுவார். ஆச்சி வாதம் என்று சொல்லி எண்ணெய் காய்ச்சிப் பூசுவார். கன்னியா வெந்நீரில் குளித்தும் பார்த்தார். கடைசிக் காலத்தில் சட்டைப் பொத்தானை அம்மாதான் பூட்டிவிட்டார்.

நான் பேராதனையில் படித்துப் பட்டம் பெற்றுப் பல் வைத்தியனாகிப் பதினெட்டு வருடங்கள் சென்ற பின், ஓர் இரவு திடுக்கிட்டு விழித்தேன். பெருவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் விறைத்துக் கிடந்தன. என்னை அறியாமலே எழுந்திருந்து கையை உதறினேன். மனைவி விளக்கைப் போட்டு, "என்னப்பா செய்யுது?" என்று கேட்டார். எனக்கு வாயிலே சொல் வரவில்லை. திண்ணையில் இருந்த என் தகப்பனாரையே நான் அப்போது கண்டேன்.

அந்த விறைப்பின் இரகசியம் மணிக்கட்டில் இருக்கிறது. மணிக்கட்டிலே எட்டுச் சிறு எலும்புகள் வளைந்து ஒரு வாய்க்கால்போல் அமைந்திருக்கின்றன. அதன்மேல் தடித்த நார்ப்பட்டை ஒன்று மூடி போலக் கிடக்கிறது. இந்த ஒடுங்கிய வழிக்குள்ளே விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் நடு நரம்பு என்னும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துப் போகின்றன. மணிக்கட்டை மடித்துவைத்தால் உள்ளே நெருக்கம் கூடுகிறது. விரல்களை இறுக்கினாலும் கூடுகிறது. ஒன்பது நாண்களும் திடமானவை, தாங்கும். நரம்போ மென்மையானது, அதுதான் நசுங்குகிறது. சின்னிவிரலுக்கு உணர்ச்சி கொண்டுபோகும் நரம்பு வேறு வழியாகப் போவதால் அந்த விரல் மாத்திரம் விறைப்பதில்லை. இரவிலே மணிக்கட்டை மடித்துக்கொண்டு உறங்குவதால் வருத்தம் சாமத்தில் வந்து எழுப்புகிறது.

பல் வைத்தியருக்கு இது ஏன் வரவேண்டும்? அவர் கப்பலில் துருத் தட்டவில்லையே என்று கேட்பீர்கள். தட்டுகிறார் ஐயா! பற்களில் படிந்து இறுகிய காறையைச் சுரண்டுவது துருத் தட்டும் வேலைதான். எழுதுகோலைவிட ஒல்லியான உருக்குக் கம்பியை மூன்று விரல்களால் நுள்ளிப் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத கடைவாய்ப் பல்லின் பின்புறத்தில், மணிக்கட்டை மடித்தபடி நூற்றுக்கணக்கான தடவை இழுக்க வேண்டும். விரல் நுனியில் ஒரு கிலோ பாரத்துடன் நுள்ளிப் பிடித்தால் பெருவிரலின் அடிமூட்டிலே ஏறக்குறைய 12 கிலோ பாரம் விழுகிறதென்று கணித்திருக்கிறார்கள். ஆகையால் விறைப்போடு பெருவிரலின் அடிமூட்டுத் தேய்வும், பெருவிரலை இழுக்கும் நாண்களின் வீக்கமும் இத்தொழிலிலே வருகின்றன. பின்சொன்ன வீக்கத்தை 1895ஆம் ஆண்டிலே டி கேர்வன் என்ற சுவிற்சர்லாந்து நாட்டுச் சத்திர வைத்தியர் விவரித்தார். இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

நமது நாட்டிலே காறைக்குப் பஞ்சமில்லை. 1970ஆம் ஆண்டிலே ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டுப் பேராசிரியரும் அவருடைய கூட்டத்தாரும் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாயைச் சோதிக்கத் தொடங்கி, 15 வருடகாலம் தொடர்ந்து பார்த்தார்கள். பல் துலக்கும் வழக்கமோ பற்சிகிச்சையோ இல்லாத மக்களிடம் முரசு நோய் எப்படி வளர்கிறது என்று அறிவதே நோக்கம். நூற்றுக்கு 8 பேருக்கு நோய் விரைவாகவும், 81 பேருக்கு மிதமாகவும் வளர்ந்தது. 11 பேருக்கு வளரவேயில்லை. உலகெங்கும் பல் வைத்திய மாணவர்கள் இந்த ஆராய்ச்சியைப் படிக்கிறார்கள். நானும் படித்தேன். நம்மவர் வாய் உலகத்துக்குப் பாடநூலாயிற்று. அந்த வாய்க்கு உடையவர்களுக்குக் கிடைத்தது என்ன என்ற கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. அது இன்றைய பேச்சுக்குப் புறம்பு. நான் சொல்ல வந்தது, அத்தனை பேர் பல்லிலும் காறை கல்லாய் இறுகியிருந்தது என்பதைத்தான். அதைச் சுரண்ட ஒரு கை வேண்டும்.

யுத்த காலத்தில் நான் வேலை செய்த அரசாங்க வைத்தியசாலையிலே பல் பகுதிக்கு நான் ஒருவனே. விடிய முன்னமே மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வந்து வேப்பமரத்தடி வரை வரிசையாய் நிற்பார்கள். பாதை எப்போது மூடும் என்று தெரியாது. ஆகவே ஒருவரையும் நாளைக்கு வா என்று அனுப்ப முடியாது. சாணைக்கல் தேய்ந்துபோய்ப் புதுக்கல் வராமல், மொட்டையான சுரண்டிகளோடு மாதக்கணக்கில் வேலை செய்தேன். சுரண்டி மொட்டையானால் பிடி இறுகும். பிடி இறுகினால் நரம்பு நசுங்கும். இது எனக்குத் தெரியாததல்ல.

இனிச் சொல்லப்போவதை இதுவரை என் மனைவியைத் தவிர வேறு எவரிடமும் நான் சொன்னதில்லை. விறைப்புத் தொடங்கி இரண்டு வருடம் அதை மறைத்தேன். கை போன பல் வைத்தியன் என்று ஊர் சொல்லும் என்ற பயம். ஒரு நாள் பதினாறு வயதுப் பெண்பிள்ளை ஒருத்திக்குப் பல் சுத்தம் செய்கையில் சுரண்டி என் விரலிலிருந்து நழுவி அந்தப் பிள்ளையின் உட்கன்னத்தைக் கீறிவிட்டது. இரத்தம் வந்தது. கீறல் சிறிது, ஒரு கிழமையில் ஆறிவிட்டது. ஆனால் தாயாரிடம் நான் சொன்னது, "பிள்ளை அசைஞ்சிட்டா." பிள்ளை அசையவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அசைந்தது என் கையென்று அவளுக்கும் தெரியும்.

அடுத்த கிழமை விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டுக் கொழும்புக்குப் போனேன். நரம்பிலே மின்சாரம் ஓடும் வேகத்தை அளந்தார்கள். உள்ளங்கையை விறைக்கச் செய்து நார்ப்பட்டையை வெட்டிவிட்டார்கள். எத்தனையோ பேருக்கு விறைப்பூசி போட்டவன் அன்று தான் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தேன். இரவு விறைப்பு அன்றோடு நின்றது. ஆனால் பெருவிரல் அடியிலே இருக்கவேண்டிய சதைமேடு அதற்கு முன்னமே வற்றிவிட்டது, அது திரும்பவில்லை. இரண்டு வருடம் முந்திப் போயிருந்தால், இரவிலே மணிக்கட்டை நேராய் வைத்திருக்கும் ஒரு பட்டையோடும் ஓர் ஊசியோடும் தப்பியிருக்கக் கூடும்.

எல்லாப் பழியையும் தொழிலின் தலையில் சுமத்துவதும் சரியல்ல. 1997, 1998ஆம் ஆண்டுகளிலே அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கத்தின் மாநாடுகளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பல் வைத்தியர்களின் கை நரம்பைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 13 பேருக்கு நடு நரம்பு மந்தமாயிருந்தது. அவர்களிலும் மூன்றிலொரு பங்கினருக்கே விறைப்பு முதலிய குணங்கள் இருந்தன. கைநோ உள்ளவர் தொகை இத்தொழிலில் அதிகம். நரம்பு நசிவோ மற்றவர்களைவிடப் பெரிதும் கூடவில்லை என்பது அவர்கள் முடிவு. நீரிழிவு, உடற்பருமன், மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு இது கூடுதலாக வருகிறது. கைகள் விறைக்கிறதென்று வருபவரிடம் முதலில் சீனி வருத்தம் உண்டா என்று கேட்பது அதனால்தான்.

பேராதனைக்கோ, பாடசாலைப் பற்சிகிச்சையாளர் பயிற்சிக்காக மகரகமவுக்கோ போக எண்ணியிருக்கும் பிள்ளைகள் இச்சபையில் இருக்கிறார்கள் என்று அறிகிறேன். தாராளமாகப் போங்கள். சுரண்டியைத் தினமும் தீட்டுங்கள். கைப்பிடி மெல்லியதாய் இருப்பது நல்லதென்று நாங்கள் நினைத்தோம், தவறு. 2006ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆராய்ச்சியின்படி 10 மில்லிமீற்றர் பருமனும் 15 கிராம் மாத்திரம் பாரமும் உள்ள பிடியே கையின் தசைகளுக்கு இலேசானது. அளவு சிறிய கையுறையை இழுத்துப் போடாதீர்கள்; அதுவும் நெருக்கும். நீங்கள் வளையாமல் நோயாளியின் கதிரையைச் சரியுங்கள். காறை எடுக்க வந்தவர்களையே காலை முழுவதும் அடுக்காமல் இடையிலே வேறு வேலையை வையுங்கள். விறைத்தால் வெட்கப்படாமல் உடனே சொல்லுங்கள்.

திருக்கடலூரிலிருந்து வந்திருக்கும் அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. வலை பொத்தும்போது ஊசியை நீங்கள் பிடிப்பதும் நான் சுரண்டியைப் பிடித்ததும் ஒரே பிடிதான். ஜோர்ஜ் ஃபேலன் என்ற அமெரிக்க வைத்தியர் 1950ஆம் ஆண்டுகளிலே பரப்பிய எளிய சோதனை ஒன்று உண்டு. இரு புறங்கைகளையும் ஒன்றோடொன்று ஒட்டி, விரல்கள் கீழ்நோக்க, மணிக்கட்டுகளை மடித்து ஒரு நிமிடம் வைத்திருக்க வேண்டும். பெருவிரல் பக்கம் விறைத்தால் வைத்தியரைப் பார்க்கவேண்டியதுதான். தேநீர் வேளையில் நான் அந்த வாசல் பக்கத்து மேசையில் இருப்பேன். விரும்பியவர்கள் வாருங்கள், மணிக்கூடு கொண்டுவந்திருக்கிறேன்.