கினிக்கோழி முட்டையிடும் இடமும் தீவனப்புல் அறுவடையும்
(உழவர் நாள் விழாவில் ஆற்றிய உரை)



நான் உழவியல் துறையைச் சேர்ந்தவன். புல், பயிர், களை பற்றிப் பேசவேண்டியவன் கோழியைப் பற்றிப் பேச வந்திருப்பது ஏன் என்று தாங்கள் கேட்கலாம். கினிக்கோழி தன் கூட்டைப் பண்ணையில் அமைப்பதில்லை. நம் தீவனப்புல் வயலிலும் வேலியோரப் புதரிலும் அமைக்கிறது. ஆகவே இது உழவியல் பேசுபவனும் தெரிந்திருக்க வேண்டிய செய்தியாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தோட்டத்தில் என் தாயார் பத்துக் கினிக்கோழிகள் வளர்த்து வந்தார். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லுக்கு 45 நாள் ஆகிவிட்டதென்று நானே நின்று அறுக்கச் சொன்னேன். வயலின் நடுவே அடைகாத்துக்கொண்டிருந்த பெட்டை, அரிவாள் அருகில் வரும்வரை அசையவில்லை. காலில் வெட்டுப்பட்டு இரண்டாம் நாள் இறந்துவிட்டது. கூட்டில் 22 முட்டைகள் இருந்தன. உடைந்தவற்றில் குஞ்சு பாதி வளர்ந்திருந்தது. "ஏங்கண்ணு, அறுக்கறதுக்கு முன்னாடி அந்தச் சேவல் எங்க நிக்குதுன்னு பாத்தியா?" என்று என் தாயார் கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. அதன் பிறகுதான் இப்பறவையின் பழக்கத்தைக் கவனிக்கத் தொடங்கினேன்.

இயற்கைப் பழக்கம்

கினிக்கோழியின் தாயகம் ஆப்பிரிக்கா. அங்குள்ள புல்வெளிகளிலும் புதர்க்காடுகளிலும் இது இன்றும் காட்டுப்பறவையாகத் திரிகிறது. இரவில் மரத்தில் அடையும். ஆனால் முட்டையிடுவது தரையில்தான். உயர்ந்த புல்லுக்குள் காலால் சிறு பள்ளம் பறித்து அதில் இடும். நம் நாட்டுக்கோழியைப் போலக் கூடையிலும் பானையிலும் இடுவது அரிது.

முட்டையிடும் பருவம் பெரும்பாலும் கோடையில் தொடங்கி மழைக்காலம் வரை நீடிக்கும். நல்ல பராமரிப்பில் ஒரு பெட்டை ஆண்டுக்குச் சுமார் 100 முட்டைகள் இடும். முட்டை சுமார் 40 கிராம் எடை இருக்கும்; ஓடு மிகக் கெட்டியானது. பல பெட்டைகள் ஒரே கூட்டில் முட்டையிடுவதும் உண்டு. அதனால் ஒரு கூட்டில் 30 முட்டைகளுக்கு மேல் சேர்ந்துவிடும். ஒரு பெட்டையால் அத்தனையையும் மூடி அடைகாக்க இயலாது. கூட்டிலேயே கிடக்கும் முட்டைகள் வெயிலில் கெடுகின்றன. மீதியைக் கீரியும் பாம்பும் தின்கின்றன.

45 நாள் கணக்கு

கோ 4, கோ 5 ஆகிய கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் இரகங்களை முதல் அறுவடைக்குப் பின் 45 நாட்களுக்கு ஒருமுறை அறுக்குமாறு நாங்கள் பரிந்துரைக்கிறோம். இதைக் கினிக்கோழியின் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அறுத்த மூன்றாவது வாரத்தில் புல் பறவையை மறைக்கும் உயரத்திற்கு வந்துவிடும். பெட்டை அப்போது முட்டையிடத் தொடங்கும். 15 அல்லது 20 முட்டை சேர இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். இரண்டு மூன்று பெட்டைகள் சேர்ந்து இட்டால் இன்னும் விரைவில் சேரும். பிறகு அடைகாக்க 26 முதல் 28 நாட்கள் வேண்டும். அதாவது, பெட்டை அடையில் இருக்கும் நாட்களிலேயே அடுத்த அறுவடை வந்துவிடுகிறது. 45 நாள் வயலில் ஒரு கூடு முழுமையாகப் பொரிப்பது ஏறக்குறைய இயலாத செயல் எனலாம். புல்லையும் 45 நாளுக்கு மேல் முற்றவிட்டால் தண்டு தடித்து, மாடு கழிக்கும். ஆகவே அறுவடையைத் தள்ளிப்போடுவது தீர்வாகாது. கூட்டை முன்னரே கண்டுபிடிப்பதே தீர்வாகும்.

கூட்டைக் கண்டுபிடிக்கும் முறை

கினிக்கோழி பெரும்பாலும் முற்பகலின் பிற்பகுதியிலிருந்து பிற்பகல் வரை முட்டையிடும். அந்நேரத்தில் கூட்டத்தில் எந்தப் பெட்டை காணவில்லை என்று பாருங்கள். அதன் இணைச் சேவல் கூட்டிற்குச் சற்றுத் தள்ளித் தனியாகக் காவல் நிற்கும். சேவலைப் பெட்டையிலிருந்து பிரித்தறியக் குரலே நல்ல அடையாளம். இரண்டு அசையாகக் கூப்பிடுவது பெட்டை மட்டுமே. சேவல் ஓரசையில் கத்தும். சேவல் நிற்கும் இடத்தைத் தூரத்திலிருந்து குறித்துக்கொண்டு, பெட்டை எழுந்து போன பிறகு சென்று தேடுங்கள். பெட்டை இருக்கும்போதே கூட்டைக் கலைத்தால் அது வேறு இடம் தேடிக்கொள்ளும்.

முட்டை எடுக்கும் முறை

கூட்டைக் காலிசெய்துவிடக் கூடாது. ஐந்து முட்டைகளில் பென்சிலால் கோடிட்டு அவற்றைக் கூட்டிலேயே விட்டுவிடுங்கள். கோடில்லாத புது முட்டைகளை நாள்தோறும் எடுத்து வாருங்கள். பெட்டையும் அங்கேயே தொடர்ந்து இடும். அடைவைக்கும் முட்டைகளைக் கூர்முனை கீழே இருக்குமாறு குளிர்ந்த இடத்தில் வைத்து, ஒரு வாரத்திற்குள் அடைவைத்துவிட வேண்டும்.

அடைக்கு உட்கார்ந்த நாட்டுக்கோழி இதற்கு மிகச் சிறந்த வளர்ப்புத்தாய். கோழியின் உடலளவுக்கேற்ப 15 முதல் 18 முட்டைகள் வைக்கலாம். நாட்டுக்கோழி முட்டைக்கு 21 நாட்கள். இதற்கு ஒரு வாரம் கூடுதல் என்பதை மறவாமல், தாய்க்கோழிக்கு நாள்தோறும் தீனியும் நீரும் கொடுத்து வாருங்கள். கினிப் பெட்டை தன் குஞ்சுகளைப் பனி படிந்த புல்லில் இழுத்துச் செல்லும். நனைந்த குஞ்சுகள் குளிரில் இறக்கும். வளர்ப்புத்தாயுடன் முதல் சில வாரங்கள் உலர்ந்த கொட்டகையில் அடைத்து வைத்தால் இந்த இழப்பு குறையும். தண்ணீர்த் தட்டு ஆழமில்லாமல் இருக்கவேண்டும். அதில் கூழாங்கற்கள் போட்டுவைத்தால் குஞ்சுகள் மூழ்கா.

வயலில் செய்யவேண்டியவை

முட்டைப் பருவத்தில் பறவைகளைப் பிற்பகல் வரை பட்டியில் அடைத்து, பிறகு மேய விடலாம். பட்டியின் மூலையில் தென்னங்கீற்றைச் சாய்த்து, உள்ளே வைக்கோல் பரப்பி இருட்டான மறைவிடம் அமையுங்கள். அறுவடைக்கு முந்திய நாள் நண்பகலில் சேவல் நிற்கும் இடத்தைப் பாருங்கள். அறுவடையன்று ஒருவர் முன்னே சென்று புல்லை விலக்கிப் பார்த்து வரவேண்டும். இயந்திரத்தால் அறுப்போருக்கு இது மிக இன்றியமையாதது. அடையில் இருக்கும் பெட்டையைக் கண்டால், கூட்டைச் சுற்றி இரண்டு மீட்டர் புல்லை அறுக்காமல் விடுங்கள். அதனால் குறையும் தீவனம் ஓரிரு கட்டுப் புல்தான்.

எங்கள் தோட்டத்தில் இப்போதும் 45 நாளுக்கு ஒருமுறைதான் புல் அறுக்கிறோம். ஆனால் என் தாயார் வயலைச் சுற்றி வந்து தலையசைத்த பிறகே அரிவாள் இறங்குகிறது. தங்கள் வீட்டில் கோழி வளர்க்கும் தாய்மாரையும் அவ்வாறே கேட்டு அறுவடை செய்யுமாறு கேட்டுக்கொண்டு என் உரையை நிறைவு செய்கிறேன். வணக்கம்.