விரல் பழகிய கதை
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



விளையாட்டைப் பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டபோது, வலைப்பந்து என்றுதான் நினைத்திருப்பார்கள். நாங்கள் இருவரும் ரொறன்ரோவில் பழகியது பிஸ்டல் சுடுதல். துவக்குச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடிய வகுப்பு எங்களுடையது. அதனால் ஊரில் இதைச் சொல்ல இன்றும் கூச்சம்தான்.

பெண்களுக்கான 25 மீற்றர் பிஸ்டல் போட்டி 1984 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில்தான் முதலில் இடம்பெற்றது. தங்கம் வென்ற கனடாவின் லிண்டா தொம்முக்கு அப்போது 40 வயது. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்த எங்களுக்கு அந்தக் கணக்குப் பிடித்துக்கொண்டது.

மொத்தம் 60 வெடிகள். முதல் 30 நிதானச் சுற்று. ஐந்து வெடிக்கு ஐந்து நிமிடம். மற்ற 30 விரைவுச் சுற்று. கையை 45 பாகையில் தாழ்த்தி நிற்க வேண்டும். மூன்று செக்கனுக்குள் உயர்த்தி ஒரேயொரு வெடி. ஏழு செக்கன் இடைவெளி. பிறகு அடுத்தது.

எங்களில் ஒருத்தி நிதானச் சுற்றில் கெட்டிக்காரி. விரைவுச் சுற்றிலோ எல்லாம் இடப்பக்கம் கீழே போகும். ஒருநாள் பயிற்றுநர் அவளுக்குத் தெரியாமல் போலி ரவை ஒன்றைக் கலந்து வைத்தார். வெடிக்கவில்லை; ஆனால் குழாயின் நுனி குனிந்தது. சத்தம் வருமுன்பே கை அதற்கு ஆயத்தமாகிவிட்டது. அது எங்கே பழகிய பழக்கம் என்று அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். மூன்று கிழமை அவள் அந்தப் பக்கமே வரவில்லை.

பிறகு வீட்டில் தொடங்கினோம். பிஸ்டல் வெறுமை என்று இருவரும் தனித்தனியே பார்ப்போம். ரவைகள் வேறு அறையில். வெறும் சுவரைப் பார்த்தபடி விசையை அழுத்துவோம். சுட்டுவிரலின் முதற்கணுச் சதை மட்டும் அசையவேண்டும், நேரே பின்னோக்கி. மற்ற விரல்களின் பிடி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இதுதான் கஷ்டம், ஒரு விரலை மடக்கினால் மற்றவையும் கூடவே மடங்கப் பார்க்கும். இந்தப் போட்டியில் விசையின் எடை ஒரு கிலோவுக்குக் குறையக்கூடாது. ஒரு பை சீனி என்று நினையுங்கள். கை உயரும்போதே பாதிப் பாரத்தை எடுத்துவிட வேண்டும். முன்குறி பின்குறிப் பிளவுக்குள் வந்ததும் மீதி. மேலே போய் நின்றபிறகு தொடங்கினால் நேரம் போதாது, விரல் வெட்டி இழுக்கும். கண் முன்குறியில் இருக்கட்டும், இலக்கில் அல்ல. கை ஆடத்தான் செய்யும். விரைவு இலக்கில் பத்துப் புள்ளி வட்டம் 100 மில்லிமீற்றர், நிதான இலக்கினதைப்போல இரு மடங்கு. ஆடும் கையோடேயே அழுத்தலாம். வெடித்த பின்னும் ஒரு கணம் விரலை விடாமல் முன்குறியையே பார்க்கவேண்டும்.

நாலு மாதம் கழித்துப் பயிற்றுநர் மறுபடியும் போலி ரவையைக் கலந்தார். 'டிக்' என்றது. நுனி அசையவில்லை. ஒருத்தி அழுதாள், மற்றவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். யார் எவள் என்று தேநீர் நேரத்தில் கேட்காதீர்கள், இருவருமே சொல்லமாட்டோம்.