பிளக் கருத்தால் பிளக்கை மட்டும் மாற்றாதீர்கள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், வாகன நிறுத்தம் பற்றிய விவாதத்தின்போது உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



டூ-ஸ்ட்ரோக் வண்டிகளைக் கீழ்த்தளத்தில் நிறுத்தக் கூடாது என்று ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. முதல் மாடி அம்மாவுக்கு வீசிங். காலைப் புகையில் சன்னலைத் திறக்க முடியவில்லை என்கிறார். அவர் சொல்வது நியாயம். நம் வளாகத்தில் அப்படிப்பட்ட வண்டி நான்குதான்: இரண்டு ஆர்.எக்ஸ். 100, ஒரு எக்ஸ்.எல். சூப்பர், பி பிளாக் தம்பி மண் ரேஸுக்காக மாற்றி வைத்திருக்கும் பழைய ஷோகன். ஆர்.எக்ஸ். ஒன்று என்னுடையது. முப்பது வருடம் பட்டறையில் இருந்தவன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். போன தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு, கீழ்த்தளத்தில் தம்பியின் வண்டி கிளம்பவில்லை. பிளக்கைக் கழற்றினேன், நனைந்திருந்தது. கேப்பில் மாட்டி, ஹெட்டில் வைத்து, "கிக்கரை உதைப்பா" என்றேன். பிளக் ஓட்டை வழியாகப் பெட்ரோல் ஆவி பீச்சியது. பக்கத்திலேயே பொறி. குப்பென்று பிடித்தது. ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தோம். பத்தடி தள்ளி மூன்று வீட்டுப் பட்டாசுப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பட்டாசு ஆலை வாசலில் தீப்பெட்டியையும் செல்போனையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். அது தெரிந்த ஊர்க்காரன் செய்த வேலை அது. அன்றைக்கு வெறும் பிளக்கை மாற்றும் அவசரம்தான் என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. பிளக் ஏன் கருத்தது என்று முதலில் யோசித்திருந்தால், அந்தக் கிக்கே தேவைப்பட்டிருக்காது.

டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு ஆயிலும் சேர்ந்தே எரிகிறது. பிளக் முனை சுமார் 500 டிகிரி சூட்டுக்கு வந்தால்தான் படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். நாம் என்ன செய்கிறோம்? கீழே பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி வைக்கிறோம், அரை கிலோமீட்டர் கடைக்குப் போய் வருகிறோம். சூடு ஏறுவதே இல்லை. ஆகவே முதல் மருந்து காசில்லாதது: வாரம் ஒருமுறை நாற்கரச் சாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஒரே சீராக ஓட்டுங்கள்.

அதற்குப் பிறகும் கருத்தால், பிளக்கின் நிறத்தைப் பாருங்கள். காய்ந்த கரி, விரலில் மை மாதிரி ஒட்டுகிறதா? பெட்ரோல் அதிகம், அல்லது காற்று குறைவு. பிசுபிசுவென்று எண்ணெய்ப் பசையா? ஆயில் அதிகம். காபிப் பொடி நிறமா? நல்லது, கையை வைக்காதீர்கள். வெள்ளையா? உடனே வண்டியை நிறுத்துங்கள். காற்று அதிகமாகி எஞ்சின் கொதிக்கிறது.

காய்ந்த கரி என்றால் ஜெட்டைத் தொடுவதற்கு முன் ஏர் ஃபில்டரைத் திறங்கள். நம்முடையது கரிசல் பூமி. சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கம் போய் வந்தாலே ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். அடுத்து சோக் முழுதாக விடுபடுகிறதா பாருங்கள். நான் பார்த்த வண்டிகளில் பாதி இந்த இரண்டிலேயே சரியாகியிருக்கிறது.

எண்ணெய்ப் பசை என்றால் அளவைச் சரிபாருங்கள். எக்ஸ்.எல். சூப்பரில் பெட்ரோலில் நாமே ஆயில் கலக்கிறோம். லிட்டருக்கு 20 மில்லி என்றால் 50-க்கு 1. "கூட ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது" என்று இரண்டு மூடி சேர்த்து ஊற்றுவதுதான் முதல் மாடிக்குப் போகும் புகை. ஆர்.எக்ஸ்.ஸில் ஆயிலுக்குத் தனி டேங்க், தனி பம்ப். பம்ப் அளவு தள்ளியிருக்கலாம். பம்ப் சரியாக இருந்தும் வெள்ளைப் புகை அடித்து, கியர் ஆயிலும் குறைகிறதென்றால், கிராங்க் சீல் போய்விட்டது. அதை எந்த ஜெட்டாலும் சரிசெய்ய முடியாது.

இவை எல்லாம் சரி என்றால்தான் கார்பரேட்டர். ஆக்சிலேட்டர் பிடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போடுங்கள். எந்தக் கோட்டில் வண்டி திணறுகிறது? கால் பங்கு வரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். கால் முதல் முக்கால் வரை நீடில். அதற்கு மேல் மெயின் ஜெட். இந்த வண்டிகளில் ஏர் ஸ்க்ரூவை உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும், வெளியே திருகினால் குறையும். நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாட்டினால் பெட்ரோல் குறையும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், ஒரு படி மட்டும் மாற்றி, நோட்டில் எழுதுங்கள். ஜெட் அடைத்திருந்தால் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும். காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

சூடான காற்று லேசானது. மார்கழிக் காலையில் சரியாக இருந்த ஜெட், சித்திரை மத்தியானம் கொஞ்சம் கரி கக்கும். ஏழாயிரம் அடி உயரக் கொடைக்கானலுக்கு ஏறினால் இன்னும் கக்கும். அதற்காக இங்கேயே பெட்ரோலைக் குறைத்துவிட்டால், இறங்கி வரும்போது ஆபத்து. தம்பி, உனக்குத்தான் சொல்கிறேன். கரி பிடித்தால் ஒரு பிளக் போகும். பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் சிக்கும், ஓடும்போதே பின் சக்கரம் இறுகும், ஆள் போவான். கொஞ்சம் கூடுதலில் ஆரம்பித்து, படிப்படியாகக் குறைத்து வா.

பிளக் எண்ணிலும் ஒரு குழப்பம். என்.ஜி.கே.வில் எண் கூடினால் அது குளிர்ச்சியான பிளக். பாஷில் எண் கூடினால் சூடான பிளக். கடையில் "ஒரு நம்பர் கூட" என்று கேட்டு வாங்காதீர்கள். கையேட்டில் உள்ளதையே வாங்குங்கள்.

கடைசியாக, சங்கத்துக்கு என் வேண்டுகோள் மூன்று. ஒன்று, கீழ்த்தளத்தில் பிளக், கார்பரேட்டர் வேலையே வேண்டாம். காம்பவுண்டு ஓர வேப்பமரத்தடியில், மணல் வாளியோடு செய்வோம். பொறி பார்க்க வேண்டுமென்றால் பெட்ரோல் குழாயை மூடி, எஞ்சின் ஓட்டையில் ஒரு பழைய பிளக்கைத் திருகி அடைத்து, இன்னொரு பிளக்கில் தள்ளி வைத்துப் பாருங்கள். இரண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் கேட்டுக்கு வெளியே ஸ்டார்ட் செய்வோம். புகையோடு வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடும் கீழே தங்கிவிடும். மூன்று, பட்டாசுப் பெட்டி ஒன்றுகூட வண்டி நிறுத்துமிடத்தில் வைக்க வேண்டாம்.

தீர்மானத்தை அடுத்த காலாண்டு வரை தள்ளி வையுங்கள். நான்கு வண்டியையும் ஞாயிற்றுக்கிழமைகளில் நானே பார்த்துக் கொடுக்கிறேன், கூலி வேண்டாம். அதற்குள் முதல் மாடிச் சன்னலைத் திறக்க முடியவில்லை என்று அந்த அம்மா சொன்னால், தீர்மானத்துக்கு முதலில் கை தூக்குவது நானாக இருக்கும்.