பெற்றோருக்கும் ஓர் ஆசனம்
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூறாண்டு கண்ட நம் கல்லூரி இனி எதைச் செய்ய வேண்டும் என்று சிந்திக்கையில், வேறொரு நாட்டின் முயற்சி ஒன்று எங்கள் நினைவுக்கு வருகிறது.

1968இல், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகச் சிறுவர் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த உளமருத்துவர் ஜேம்ஸ் கோமரும் அவருடைய குழுவினரும் நியூ ஹேவன் நகரில் பின்தங்கியிருந்த இரண்டு ஆரம்பப் பாடசாலைகளுக்குச் சென்றனர். பிள்ளைகள் தங்களிடம் அனுப்பப்படும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. அதிபர், ஆசிரியர், பெற்றோர், ஊழியர் யாவரையும் ஒன்றாக இருத்தி, பாடசாலைக்கான திட்டத்தை அவர்களையே வகுக்கச் செய்தனர். மூன்று விதிகள் இருந்தன: ஒருவர் மீது ஒருவர் பழி போடக்கூடாது, வாக்கெடுப்பின்றி இணக்கத்துடன் முடிவெடுக்க வேண்டும், அதிபரின் கைகளைக் கட்டிவிடக் கூடாது. ஆரம்பம் குழப்பமாகவே இருந்தது. ஆண்டுகள் பல சென்ற பின்னரே மாணவர் வரவும் பெறுபேறுகளும் உயர்ந்தன.

கோமரின் தாயார் வீட்டுவேலை செய்தவர், அதிகம் படிக்காதவர். பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கியவர். அத்தகைய தாய்மாரிடம் கேட்டறிய நிறைய உண்டு என்பதை அவர் வீட்டிலேயே கண்டிருந்தார்.

நம்மிடையே பெற்றோரைப் பெரும்பாலும் தேர்ச்சி அறிக்கைக்கும் முறைப்பாட்டுக்குமே அழைக்கிறோம். கூலிவேலை செய்யும் தாய் வந்தால் அன்றைய சம்பளம் போய்விடுகிறது.

கடல் கடந்தும் வாழும் சகோதரிகளே, உங்கள் உதவியால் கட்டடங்கள் எழுந்தன. இனி அந்தத் தாய் சம்பளத்தை இழக்காமல் வந்து, அச்சமின்றிப் பேசக்கூடிய ஒரு கூட்டத்தைத் தவணைதோறும் நடத்த உதவுவோம்.